சுவிஸ் ஐஸ் ஹாக்கி சீசன்: செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை புதியவர் பின்தொடர ஒரு வழிகாட்டி

சுவிட்சர்லாந்தில் செப்டம்பர் பாதி தாண்டினால் வேலையிடத்துப் பேச்சு ஐஸ் ஹாக்கிக்குத் திரும்பிவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளும் அதையே பேசிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். புதிதாகப் பார்க்க வருகிறவர் பெரும்பாலும் ஒரு டிக்கெட் வாங்கிப் போய், பக் (அடித்து ஆடும் ரப்பர்த் தட்டு) எங்கே போகிறது என்றே தெரியாமல் இரண்டரை மணி நேரம் குளிரில் இருந்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார். ஒரே ஆட்டத்தை வைத்து இந்த விளையாட்டை எடைபோடக் கூடாது. இதன் சுவை முழுச் சீசனில்தான் இருக்கிறது. அதன் அமைப்பு முதலில் தெரிந்துவிட்டால் நவம்பர் மாதத்துச் சாதாரண செவ்வாய்க்கிழமை ஆட்டம்கூட எதற்காக நடக்கிறது என்று விளங்கும்.

1. சீசன் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

நாட்டின் உச்சத் தொடர் நேஷனல் லீக். 2022-23 சீசனிலிருந்து இதில் 14 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 13 அணிகளையும் நான்கு முறை சந்திக்கும்: இரண்டு ஆட்டம் சொந்த அரங்கில், இரண்டு வெளியே. ஆக 52 ஆட்டங்கள். செப்டம்பர் நடுவில் தொடங்கி மார்ச் தொடக்கத்தில் முடியும்.

இந்த 52 ஆட்டமும் முடிந்த பிறகும் சாம்பியன் யார் என்று தெரியாது. அவை வரிசையை மட்டுமே தீர்மானிக்கின்றன, கோப்பை அதன் பிறகு வரும் வெளியேற்றச் சுற்றான பிளேஆஃபில்தான். 2020 மார்ச்சில் கொரோனாவால் பிளேஆஃப் ரத்தானபோது, அட்டவணையில் முதலிடத்தில் முடித்த அணிக்குப் பட்டம் தரப்படவில்லை. அந்த ஆண்டு சாம்பியனே இல்லை.

52 ஆட்டங்களுக்குப் பிறகு அட்டவணை நான்காக உடையும்.

முதல் 6 இடங்கள் நேரே, எட்டு அணிகள் ஆடும் பிளேஆஃபுக்குப் போகும்.

7 முதல் 10 வரையுள்ள நான்கு அணிகள் மீதி இரண்டு இடங்களுக்காக 'பிளே-இன்' ஆடும். 7-ஆம் அணியும் 8-ஆம் அணியும் மோதி, வென்றது உள்ளே போகும். 9-ஆம் அணியும் 10-ஆம் அணியும் மோதும். அதில் வென்றது, 7-8 மோதலில் தோற்ற அணியோடு கடைசி இடத்துக்காக ஆடும். ஒவ்வொரு மோதலும் இரண்டு ஆட்டம், இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டித்தான் முடிவு. முதல் ஆட்டத்தில் 1:4 என்று தோற்ற அணி, இரண்டாம் ஆட்டத்தில் 2:0 என்று வென்றும் வெளியேறும்.

11, 12 இடங்களுக்கு மார்ச் தொடக்கத்திலேயே சீசன் முடிந்துவிடும்.

கடைசி இரண்டு அணிகள் 'பிளேஅவுட்' ஆடும். நான்கு ஆட்டம் முதலில் வெல்லும் அணி தப்பிக்கும். தோற்றது, இரண்டாம் நிலைத் தொடரான சுவிஸ் லீக்கின் சாம்பியனோடு தகுதிச் சுற்றில் மோத வேண்டும்; அந்தச் சாம்பியன் மேலே வருவதற்கான உரிமம் பெற்றிருந்தால் மட்டுமே இந்தச் சுற்று நடக்கும். இது பேருக்கு இருக்கும் சுற்று அல்ல. 2018-இல் ராப்பர்ஸ்வில் மேலே வந்தது, குளோட்டன் கீழே போனது. குளோட்டன் திரும்பி வர 2022 ஆயிற்று. எங்கள் கணிப்பில் சீசனிலேயே மிகக் கனமான ஆட்டங்கள் இவைதாம். இறுதிப் போட்டியில் தோற்றால் போவது ஒரு கோப்பை. இங்கே தோற்றால் கிளப்பின் வரவு, விளம்பரதாரர், வீரர்களின் ஒப்பந்தம் எல்லாமே ஆட்டம் காணும்.

2. அணியைத் தேர்ந்தெடுங்கள், உடனே தேர்ந்தெடுங்கள்

எல்லா அணியையும் பொதுவாகப் பார்ப்போம் என்று இருந்தால் அக்டோபருக்குள் சலித்துவிடும். வீட்டுக்குப் பக்கத்து அணியை எடுத்துக்கொள்வதே நல்லது. வேலை முடிந்து போய்வரக் கூடிய தூரம் என்பது இங்கே பெரிய விஷயம்.

சூரிச்சில் இருப்பவர்களுக்கு ZSC என்று எழுதப்படும் செட்-எஸ்-சே லயன்ஸ். ஆல்ட்ஸ்டெட்டனில் 2022-இல் திறந்த அதன் அரங்கு 12,000 பேர் கொள்ளும். விமான நிலையப் பக்கம் குளோட்டன். சூரிச் ஏரியின் மேல்முனையில் ராப்பர்ஸ்வில்-யோனா லேக்கர்ஸ். மத்திய சுவிஸில் சூக். பேர்னில் எஸ்-சே பேர்ன். அதன் அரங்கு சுமார் 17,000 பேர் கொள்ளும், அதில் பாதிக்கு மேல் நின்று பார்க்கும் இடம். எம்மென்டால் பக்கம் லாங்னௌவின் டைகர்ஸ். பீல், ஃபிரிபூர், லௌசான், ஜெனீவா, யூரா மலைப்பக்கம் பொரான்ட்ரூயின் அஜுவா ஆகியவை மேற்கில். கிரௌபுண்டனில் டாவோஸ், 31 பட்டங்களோடு நாட்டிலேயே அதிகம் வென்ற அணி. தெற்கே டிச்சினோவில் லுகானோவும் அம்ப்ரி-பியோட்டாவும். பாசல்காரர்களுக்கு உச்சத் தொடரில் உள்ளூர் அணி இல்லை. போய்வர பீல் வசதி.

அம்ப்ரியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. லெவென்டினா பள்ளத்தாக்கில் சில நூறு பேர் வாழும் கிராமம் அது. அங்கே மாரியோ போட்டா வடிவமைத்த அரங்கு 2021-இல் திறந்தது. சொந்த அரங்கில் வென்றால் ஆட்டம் முடிந்ததும் முழு அரங்கும் நின்று ஒரு பழைய மலைப்பாட்டைப் பாடும். எந்த அணியின் ரசிகராக இருந்தாலும் ஒரு முறை போய்க் கேட்க வேண்டியது. போவதற்கு முன் திரும்பி வரும் கடைசி ரயிலைப் பார்த்துவிடுங்கள். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொள்ள நேரும்.

அணியைத் தேர்ந்ததும் அதன் பகை அணியையும் குறித்துக்கொள்ளுங்கள்: அம்ப்ரிக்கு லுகானோ, சூரிச்சுக்குக் குளோட்டன், ஜெனீவாவுக்கு லௌசான், பேர்னுக்கு ஃபிரிபூர். சீசனில் நான்கு முறை வரும் இந்த ஆட்டங்களின் டிக்கெட் முதலில் தீரும். ஃபிரிபூரில் எந்த ஆட்டத்துக்கும் இடம் கிடைப்பது கடினம், முன்கூட்டியே வாங்குங்கள்.

3. அட்டவணையை ஏமாறாமல் படிப்பது

வழக்கமான 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி. சமனில் முடிந்தால் 5 நிமிடக் கூடுதல் நேரம், அணிக்கு மூன்று பேர். அதிலும் கோல் இல்லையென்றால் பெனால்டி. அப்படி வென்றவருக்கு 2, தோற்றவருக்கு 1.

எந்த வழியில் முடிந்தாலும் ஓர் ஆட்டத்தில் பங்கிடப்படுவது சரியாக 3 புள்ளி என்பதைக் கவனியுங்கள். அப்படியானால் லீக்கின் சராசரி எப்போதுமே ஆட்டத்துக்கு 1.5, 52 ஆட்டத்துக்கு 78. இந்த ஓர் எண் கையில் இருந்தால் போதும். உங்கள் அணியின் புள்ளியை அது ஆடிய ஆட்ட எண்ணிக்கையால் வகுங்கள். 1.5-க்கு மேல் என்றால் மேல்பாதி அணி. 2-ஐத் தொட்டால் முதலிடத்துக்கான ஓட்டத்தில் இருக்கிறது. 1.2-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும்.

ஏன் வகுக்க வேண்டும்? எல்லா அணியும் ஒரே நாளில் ஆடுவதில்லை. ஐரோப்பிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் ஹாக்கி லீக்கில் ஆடும் அணிகளுக்கு உள்நாட்டு ஆட்டங்கள் தள்ளிப்போகும். அக்டோபரில் ஓர் அணி சில ஆட்டம் குறைவாக ஆடியிருந்து, அட்டவணையில் பத்தாவதாகத் தெரியும். வகுத்துப் பார்த்தால் மூன்றாவதாக இருக்கும். புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது.

இரண்டாவது, முடிவைப் பார்க்கும்போது அது கூடுதல் நேரத்தில் வந்ததா என்றும் பாருங்கள். அட்டவணையில் பக்கத்தில் இருக்கும் எதிரியைக் கூடுதல் நேரத்தில் வென்றால் இடைவெளி 1 புள்ளிதான் மாறும். 60 நிமிடத்தில் வென்றால் 3. பிப்ரவரியில் பத்தாம் இடத்து அணி கடைசி ஐந்து நிமிடத்தில் சமனோடு திருப்திப்படாமல் ஏன் துணிந்து முன்னேறுகிறது என்பதற்குக் காரணம் இதுவே.

பத்தாம் இடத்துக்கும் பதினோராம் இடத்துக்கும் நடுவே உள்ள கோட்டை ஜெர்மன் பகுதியில் 'ஷ்ட்ரிக்' என்பார்கள். ஆறாம் இடத்துக்குக் கீழேயும் ஒரு கோடு உண்டு. ஜனவரிக்குப் பிறகு முதலிடத்தைவிட இந்த இரண்டு கோடுகளின் அருகில் நடப்பதைப் பாருங்கள், சண்டை அங்கேதான்.

4. முதல் ஆட்டத்துக்குப் போகும்போது

செவ்வாய், வெள்ளி, சனி ஆகியவை முக்கிய நாள்கள். மாலை ஆட்டம் பெரும்பாலும் 19:45-க்குத் தொடங்கும். 20 நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள், நடுவே இரண்டு இடைவேளை. ஆட்டம் நின்றால் கடிகாரமும் நிற்கும், ஆகவே மொத்தம் சுமார் இரண்டேகால் முதல் இரண்டரை மணி நேரம்.

அரங்குக்குள் குளிர் கீழிருந்து ஏறும். கனத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு மெல்லிய அடியுள்ள ஷூவில் போனால் இரண்டாம் பகுதிக்குள் கால் விறைத்துவிடும். தடித்த அடியும் கம்பளிச் சாக்ஸும் ஜாக்கெட்டைவிட அவசியம். இருக்கையில் போட ஒரு சிறு மெத்தை உதவும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் காது மறைப்பான் வாங்கிப் போங்கள். கோல் விழுந்ததும் அடிக்கும் சைரன் சிறு பிள்ளைகளை அழவைத்துவிடும்.

டிக்கெட் வாங்கும்போது கண்ணாடிக்குப் பக்கத்து வரிசை ஆசையாகத் தோன்றும். முதல் ஆட்டத்துக்கு அது வேண்டாம். வேகம் தெரியும், ஆட்டம் தெரியாது. கோலுக்குப் பின்புறமோ மூலையிலோ, கொஞ்சம் மேலே உள்ள இடம் வாங்குங்கள். அங்கிருந்து பார்த்தால் வீரர்களுக்கு இடையே பாதை எப்படித் திறக்கிறது, மூடுகிறது என்பது விளங்கும். நிற்கும் பகுதி மலிவு, உற்சாகமும் அங்கேதான். ஆனால் எதிரணியின் நிறத்தில் சால்வையோ சட்டையோ போட்டுக்கொண்டு உள்ளூர் ரசிகர்களின் நிற்கும் பகுதிக்குள் போகவே கூடாது. வெளியூர் ரசிகர்களுக்குத் தனிப் பகுதியும் தனி வாசலும் இருக்கும்.

ஆட்டம் நடக்கும்போது முதுகைத் திருப்பாதீர்கள். பக் 160 கிராம் அளவுள்ள கடினமான ரப்பர், அதையும் உறையவைத்துத்தான் கொண்டுவருவார்கள். கோலுக்குப் பின்னே வலை இருந்தாலும் பக்கவாட்டில் கண்ணாடியைத் தாண்டி வருவதுண்டு.

5. எதைப் பார்ப்பது

பக்கைத் துரத்தாதீர்கள். கண் அதற்குப் பழகச் சில வாரம் ஆகும். அதுவரை மற்ற மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஆள் மாற்றம். ஓர் அணியில் கோல்கீப்பர்கள் இருவர், ஆடுவோர் இருபது பேர் வரை. ஐந்து ஐந்து பேராகத் தளத்தில் இறங்குவார்கள். ஒருவர் ஒரு முறைக்கு 40-45 வினாடிதான் ஆடுவார். அதற்கு மேல் கால் ஓடாது. ஆட்டம் நடக்கும்போதே பெஞ்சுக்குப் போய் மாறிக்கொள்வார்கள். கோல்கள் பல இந்த மாற்றம் தவறும்போதுதான் விழுகின்றன. இரண்டாம் பகுதியில் அணிகள் பக்கம் மாறுவதால் தங்கள் பெஞ்ச் தங்கள் கோலிலிருந்து தள்ளிப்போய்விடும். தற்காப்பில் மாட்டிக்கொண்ட ஐவர் பெஞ்சை எட்ட முடியாமல் ஒன்றரை நிமிடம் வரை தளத்திலேயே கிடப்பார்கள். அப்போது அவர்கள் மட்டையைத் தொடைமேல் ஊன்றி, குனிந்து நிற்பது தெரியும். கோல் வரப்போகிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். தப்பிக்கப் பக்கை நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்து எதிரணிக் கோல்கோடு வரை வெறுமனே அடித்துவிட்டால் அது 'ஐசிங்'. ஆட்டம் நின்று, மறுபடி அவர்களின் கோல் பக்கத்திலேயே தொடங்கும். அந்த ஐவர் மாறவும் முடியாது.

இரண்டாவது, நீலக் கோடு. தாக்கும் அணியின் வீரர் யாரும் பக்குக்கு முன்னால் எதிரணி நீலக் கோட்டைக் கடக்கக் கூடாது, கடந்தால் 'ஆஃப்சைடு'. ஓர் அணி அந்தக் கோட்டைப் பக்கோடு கடக்கிறதா, அல்லது பக்கை மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்துகிறதா என்று பாருங்கள். பயிற்சியாளரின் குணம் அதில் தெரியும்.

மூன்றாவது, தண்டனைப் பெட்டி. சிறு தவறுக்கு 2 நிமிடம் வெளியே. அந்த நேரம் ஐந்துக்கு நான்கு; ஆள் கூடுதலாக உள்ள அணிக்கு அது 'பவர்பிளே'. எதிரணி கோல் அடித்தால் தண்டனை அதோடு முடியும். ஐந்து பவர்பிளேக்கு ஒரு கோல் என்பது பரவாயில்லை. நான்குக்கு ஒன்று மிக நல்லது. தோற்கும் அணி கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில் கோல்கீப்பரை வெளியே எடுத்து ஆறாவது ஆளை இறக்கும். ஆகவே 4:2 என்ற முடிவைப் பார்த்துச் சுலப வெற்றி என்று எண்ணாதீர்கள்; கடைசிக் கோல் பெரும்பாலும் காலி வலைக்குள் போனதாக இருக்கும்.

மஞ்சள் ஹெல்மெட் போட்டிருப்பவர் அந்த அணியில் இதுவரை அதிகப் புள்ளி எடுத்தவர். கோலும் கோலுக்கு உதவிய பாஸும் ஒவ்வொன்றாகச் சேரும். சீசன் நடுவே ஹெல்மெட் கைமாறும்.

6. அணிப் பட்டியலில் குழப்பும் இரண்டு விஷயங்கள்

ஓர் ஆட்டத்தில் வெளிநாட்டு வீரர் 6 பேர்தான் ஆடலாம். கிளப்புகள் ஏழெட்டுப் பேரை ஒப்பந்தம் செய்து வைத்திருக்கும். ஆகவே நல்ல உடம்போடு இருக்கும் ஸ்வீடன்காரரோ பின்லாந்துக்காரரோ கோட்டுப் போட்டுக்கொண்டு மேலே பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பார். கோல்கீப்பர் வெளிநாட்டவராக இருந்தால் முன்கள இடம் ஒன்று போகும். நல்ல சுவிஸ் கோல்கீப்பருக்கு இத்தனை மதிப்பு இருப்பது அதனால்தான். இளமையில் சில ஆண்டுகள் சுவிஸ் கிளப்புகளில் ஆடி வளர்ந்தவர், கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்றாலும், உள்நாட்டு வீரர் கணக்கில் வரலாம். இங்கே வளரும் நம் பிள்ளைகளின் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விதி இது. நவம்பரில் வரும் சுவிஸ் ஐஸ் ஹாக்கி நாளில் நாடெங்கும் அரங்குகளில் பிள்ளைகள் லீக் வீரர்களோடு தளத்தில் இறங்கிப் பார்க்கலாம். சேர்க்க விரும்பினால் உள்ளூர் கிளப்பின் ஹாக்கிப் பள்ளியில் ஐந்து ஆறு வயதிலேயே கேளுங்கள்.

மற்றது, ஒப்பந்தம். அடுத்த சீசனுக்கு எதிரணியில் சேரப்போவதாக ஒருவர் நவம்பரிலேயே அறிவிப்பார், ஏப்ரல் வரை இந்த அணிக்கே ஆடுவார். பிளேஆஃபில் தன் வருங்கால அணியையே வெளியேற்றுவதும் நடக்கும். கால்பந்திலிருந்து வருபவருக்கு இது துரோகமாகத் தோன்றும். இங்கே இது வழக்கம். ரசிகர்களும் அவர் அன்றைக்கு எப்படி ஆடுகிறார் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

7. நடுச் சீசன்

நவம்பர், டிசம்பர், பிப்ரவரியில் தேசிய அணிக்காக லீக் இடைவெளி விடும். சரிந்துகொண்டிருக்கும் அணி பயிற்சியாளரை மாற்ற நவம்பர் இடைவெளியைத்தான் எதிர்பார்த்திருக்கும். புதியவருக்குப் பயிற்சி கொடுக்கச் சில நாள் கிடைக்கும். டிசம்பர் 26 முதல் 31 வரை டாவோஸில் ஸ்பெங்லர் கோப்பை. 1923-இல் தொடங்கிய போட்டி இது. லீக் புள்ளிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் டாவோஸ் அணி மற்ற அணிகள் பெரும்பாலும் ஓய்வெடுக்கும் வாரத்தில் அடுத்தடுத்து ஆடுவதால், ஜனவரியில் களைத்துத் தெரிந்தால் வியக்க வேண்டாம்.

ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் தொடர மைஸ்போர்ட்ஸ் என்ற கட்டணச் சேனல் உண்டு. வாரம் ஓர் ஆட்டம் முழுதாகவும் மற்றவற்றின் சுருக்கமும் பார்த்தால் போதும். எல்லாவற்றையும் பார்க்க முயல்பவர்கள் பிளேஆஃப் வரும்முன்பே களைத்துவிடுகிறார்கள்.

8. பிளேஆஃப்

எட்டு அணிகள், 1-க்கு 8, 2-க்கு 7 என்று மோதும். காலிறுதி, அரையிறுதி, இறுதி மூன்றிலும் முதலில் நான்கு ஆட்டம் வெல்பவர் முன்னேறுவார். ஆகக் கோப்பைக்கு 12 வெற்றி. பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டம், அரங்கு மாறி மாறி. மேலிடத்தில் முடித்த அணிக்கு 1, 3, 5, 7-ஆம் ஆட்டங்கள் சொந்த அரங்கில். 52 ஆட்டம் ஆடிச் சம்பாதித்த உரிமை அந்த ஏழாவது ஆட்டம்தான்.

இங்கே பெனால்டி முடிவு கிடையாது. சமன் என்றால் 20 நிமிடக் கூடுதல் பகுதிகள், ஐந்துக்கு ஐந்து, முதல் கோல் விழும்வரை. நள்ளிரவைத் தாண்டக்கூடும், மறுநாள் காலை வேலை இருந்தால் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். காயத்தைப் பற்றிக் கிளப்புகள் 'மேலுடல்', 'கீழுடல்' என்பதற்கு மேல் சொல்லா. எந்த இடம் வலிக்கிறது என்று தெரிந்தால் எதிரணி அங்கேயே மோதும்.

இரண்டு ஆட்டம் தோற்றதும் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். 2022 இறுதியில் சூக், சூரிச்சிடம் 0-3 என்று பின்தங்கியிருந்து தொடர்ந்து நான்கும் வென்று பட்டம் எடுத்தது. 2023-இல் ஜெனீவா ஏழாவது ஆட்டத்தில் பீலை வென்று தன் முதல் பட்டத்தைப் பெற்றது. 2024-இலும் சூரிச்-லௌசான் இறுதி ஏழு ஆட்டம் போயிற்று. அடுத்த ஆண்டு அதே இரண்டு அணிகள் மீண்டும் இறுதியில் சந்தித்தன, மீண்டும் சூரிச். ஜெனீவா 2024-இலும் சூரிச் 2025-இலும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் ஹாக்கி லீக்கையும் வென்றன. லீக்கின் தரம் பற்றிச் சந்தேகம் உள்ளவருக்கு இதைச் சொல்லுங்கள்.

பிளேஆஃப் டிக்கெட் இரண்டு மூன்று நாள் முன்புதான் விற்பனைக்கு வரும், ஏனெனில் அடுத்த ஆட்டம் நடக்குமா என்பதே தெரியாது. சீசன் டிக்கெட் உள்ளவருக்கு முன்னுரிமை. கிளப்பின் மின்னஞ்சல் அறிவிப்பில் பிப்ரவரியிலேயே பதிந்துகொள்ளுங்கள். இடைத்தரகரிடம் வாங்கிய டிக்கெட் வாசலில் செல்லாமல் போவதுண்டு; கிளப்பின் சொந்த மறுவிற்பனைப் பக்கம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஒரு தொடர் முடிந்ததும் இரு அணியும் வரிசையாக நின்று கைகொடுக்கும். அது முடியும்வரை அரங்கைவிட்டுக் கிளம்ப வேண்டாம். இறுதி ஏப்ரல் பின்பாதியில் முடியும். மே மாதம் உலகச் சாம்பியன்ஷிப். சுவிஸ் அணி 2024, 2025 இரண்டிலும் இறுதிவரை போய் வெள்ளி வென்றது. லீக்கில் எட்டு மாதம் எதிரெதிரே மோதியவர்கள் அதில் ஒரே சட்டையில் ஆடுவார்கள். அடுத்த சீசனின் ஆட்ட அட்டவணை கோடையில் வெளியாகும். வந்ததும் உங்கள் அணியின் நான்கு உள்ளூர்ப் பகை ஆட்டங்களின் தேதியை முதலில் குறித்துவையுங்கள்.